ஒரு கட்டை தள்ளி

நாலாம் மாடித் தையல்காரம்மா வீட்டில் எந்தப் பொருளுக்கும் மேலுறையைப் பிரிக்கும் வழக்கம் கிடையாது. டிவி ரிமோட் வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் பைக்குள்தான் குடியிருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் வெளுத்துப்போய், அதில் என்ன எழுதியிருந்தது என்று கம்பெனிக்காரனுக்கே தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்த விருந்தாளி எழுந்தால், வெயில் காலத்தில் உறையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு பாதி தூரம் எழுந்துவந்து வழியனுப்பும். "பிரிச்சா பழசாயிடும்" என்பது அந்த அம்மாளின் வாதம். பிரிக்காவிட்டாலும் பழசாகத்தான் செய்யும் என்று எடுத்துச் சொல்லக் கட்டடத்தில் ஒருவருக்கும் தைரியமில்லை. கட்டடத்தில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவருக்குத் தெரியும்.

இத்தனை பத்திரம் பார்க்கிறவரின் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப் மட்டும் பரிதாபமான பிறவி. என்றைக்கோ இஸ்திரிப் பெட்டி சுட்டதில் அதன் முதல் அங்குலம் கருகி விழுந்துவிட்டது. டேப் ஒன்றில்தான் ஆரம்பிக்கும். அளப்பார், மனசுக்குள் ஒன்றைக் கழிப்பார், நோட்டில் எழுதுவார். புதுசு வாங்கலாமே என்று யாராவது சொன்னால், "கழிக்கத் தெரியாதவங்க வாங்கட்டும்" என்று பதில் வரும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் திறப்பதே அபூர்வம். அந்த வீட்டுக்கென்று ஒதுக்கிய பேச்சு மொத்தத்தையும் மனைவியே எடுத்துக்கொண்ட பிறகு அவர் பங்குக்கு என்ன மிஞ்சும்?

ஒரே மகள். பதினாறு வயது. கட்டடத்தில் அவளுக்குக் "காது" என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதை இது. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, லிஃப்ட்காரர் ஒரு ஹோட்டல் பாடகரிடமிருந்து பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி வந்தார். அதன் இடது ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு ஒட்டுப்பட்டை இருந்தது. லிஃப்ட்காரர் நகத்தால் அதைச் சுரண்டப் போனார். தையல்காரம்மா கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அது கம்பெனி சீலுங்க. பிரிச்சா ரிப்பேருக்கு எடுத்துக்க மாட்டான்."

எந்தக் கம்பெனி ஹோட்டல் பாடகருக்கு ஒட்டுப்பட்டையில் சீல் வைத்துக் கொடுக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அதுதான் சொன்னேனே, பேச்சு மிச்சமில்லாத மனிதர்.

மகள் அந்தக் கீபோர்டில் வளர்ந்தாள். எட்டு வயதில் குக்கர் விசில் எந்தக் கட்டை என்று சொன்னாள். பத்து வயதில் தையல் மிஷின் ஓடும்போது அது என்ன கட்டை, நூல் அறுந்தால் என்ன கட்டை என்று பிரித்துச் சொன்னாள். லிஃப்ட் கதவு திறக்கும்போது அடிக்கும் இரட்டை மணியை, மேற்கத்திய சுரப் பெயரில், "ஈ, பி" என்றாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்டில் யார் ஏறினாலும், மணி அடித்ததும், "ஈ, பி. என் பொண்ணு சொன்னா" என்று அறிவித்துவிட்டுத்தான் இறங்குவார். நாலு வார்த்தை ஆறுதலாகப் பேச நினைத்தவர்கள்கூட மாடிப்படி ஏறப் பழகிக்கொண்டார்கள். கட்டடத்தின் ஆரோக்கியத்துக்கு அந்தக் குடும்பம் செய்த தொண்டு அது.

அவள் சும்மா சுரம் சொல்கிற பெண் மட்டுமில்லை. துணி வெட்டும் பழுப்புத் தாளின் மிச்சத் துண்டுகளில், அம்மாவின் சாக்கட்டியால் ஐந்து கோடு போட்டு, தன் மண்டையில் ஓடும் மெட்டுகளை எழுதிவைப்பாள். இருபது முப்பது துண்டு சேர்ந்திருக்கும். இன்னொருவர் அதைப் பார்த்து அப்படியே வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

ஆகவே பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு உயர்நிலை இசைக் கோட்பாடு என்று ஒரு பாடம் தொடங்கப்போகிறார்கள் என்றதும் அவள் சாப்பாட்டை மறந்தாள். மொத்தம் பன்னிரண்டு இடம். நுழைவுத் தேர்வு உண்டு. பாதி எழுத்து, பாதி காது. டீச்சர் முதல் சுரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, பியானோவில் ஒரு மெட்டை மூன்று தடவை வாசிப்பார். கேட்டு எழுத வேண்டும். இடம் கிடைக்காதவர்களுக்கு "அலுவலக நடைமுறை" என்றொரு பாடம் காத்திருந்தது. அதில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று இரண்டு வருடம் சொல்லித் தருவார்களாம்.

"காதுதானே? என் பொண்ணுகிட்டயா?" என்று தையல்காரம்மா பன்னிரண்டில் ஒரு இடத்தைத் தேர்வுக்கு ஆறு வாரம் முன்பே பட்டா போட்டுக்கொண்டார்.

இரண்டாம் மாடியில் பல் டாக்டரம்மா. அவருக்கும் அதே வயதில் ஒரு மகள். அதே தேர்வு. அவர்கள் வீட்டில் அசல் பியானோ. ஒருநாள் காது தன் பழுப்புத் தாளில் ஒன்றை எடுத்துப்போய் டாக்டர் மகளிடம் வாசிக்கக் கொடுத்தாள். அவள் அழகாகவே வாசித்தாள். காதுக்கு முகம் கோணியது.

"உங்க பியானோ இறங்கியிருக்கு. எல்லாமே ஒரு கட்டை கீழ கேக்குது."

"போன மாசம்தான் ட்யூன் பண்ணினோம்" என்றாள் டாக்டர் மகள்.

இது அம்மா காதுக்கு வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஒரே வாரத்தில் தரைத்தளத்து வாட்ச்மேனிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் வரை, டாக்டரம்மா வீட்டுப் பியானோ ஒரு கட்டை இறங்கிய விவரம் எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டரம்மா ட்யூனரைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். "அவருக்குக் காது மந்தம்" என்றார் தையல்காரம்மா, அவர் படி இறங்கி முடிப்பதற்குள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கட்டடத்து லிஃப்டின் மணி மக்கர் செய்தது. லிஃப்ட்காரரே அதே மணியோடு புது போர்டு மாட்டினார். மாலையில் அதன் கையேட்டோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் மகளின் இசைப் புத்தகத்தை இழுத்து, கடைசிப் பக்கத்துச் சுர அதிர்வெண் அட்டவணையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மனிதர் புத்தகம் தொட்டாலே அந்த வீட்டில் அதிசயம்.

"அதுல என்ன தேடறீங்க?" என்றார் மனைவி.

"மணியோட எண்ணு போட்டிருக்கான். அறுநூத்தித் தொண்ணூத்தெட்டு, ஐநூத்தி இருபத்திமூணு." விரல் நின்றது. "இந்தப் புக்குல அது எஃப், சி."

"ஈ, பிதான்பா" என்றாள் மகள்.

"எஃப், சி."

"மேனுவல் தப்பு" என்று தீர்ப்பு வழங்கினார் தையல்காரம்மா.

"நாப்பது நாட்டுக்கு அனுப்பற மேனுவல்மா இது."

"அப்போ நாப்பது நாட்டுலயும் தப்பு."

மகள் போனை எடுத்தாள். சுருதி காட்டும் ஒரு செயலி அதில் எப்போதோ ஏறியிருந்தது. தொட்டதில்லை. காது இருக்கிறவளுக்கு அது எதற்கு? வராந்தாவுக்குப் போய் லிஃப்டை வரவழைத்தாள். மணி அடித்தது. திரை எஃப் என்றது, சி என்றது. திரும்பவும் வரவழைத்தாள். அதே பதில்.

"அந்தப் போனு போன வருஷம் வாளித் தண்ணியில விழுந்துச்சே" என்று அம்மா நினைவூட்டினார்.

மகள் நேராக உள்ளே வந்து கீபோர்டில் சி கட்டையை அழுத்தி, போனைப் பக்கத்தில் காட்டினாள். சி ஷார்ப். எந்தக் கட்டையை அழுத்தினாலும் போன் அதற்கு அடுத்த கட்டையின் பெயரைச் சொன்னது. லிஃப்ட்காரர் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. ஒன்பது வருடத்து வெள்ளிப் பட்டையை ஒரே இழுப்பில் உரித்தார். அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு தள்ளு பொத்தான். நடுவில் பூஜ்யம் என்று குறி. பொத்தான் அதற்கு ஒரு படி மேலே நின்றுகொண்டிருந்தது. ஹோட்டல் பாடகர் தன் தொண்டைக்குத் தோதாகச் சுருதியை ஏற்றி வைத்து, நகராமலிருக்க ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கம்பெனி சீல்!

சோபா உறை சரசரத்தது. மகள் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாப் பேரும் தப்புமா. நான் சி-ன்னு நினைக்கறது எதுவுமே சி இல்ல. சிவப்பை நீலம்னு படிச்ச மாதிரி. ஒன்பது நாள்ல எத்தனை கலர மாத்திப் படிக்கறது?"

தையல்காரம்மாவின் மனசில் முதலில் ஓடியது, உண்மையைச் சொன்னால், கட்டடம் என்ன சொல்லும் என்பதுதான். வாட்ச்மேன், தொட்டி கழுவுகிறவர் என்று ஒவ்வொரு முகமாக வந்துபோனது. பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் பழுப்புத் தாள்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கிழித்திருந்தால்கூட நாலு வார்த்தை திட்டியிருப்பார். கவிழ்த்து வைத்ததைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அன்றைக்கு அவர் இரண்டாம் மாடிக்குப் படி வழியாக இறங்கிப் போனார். லிஃப்டில் போனால் மணி அடிக்குமே.

பல் டாக்டரம்மா கதவைத் திறந்தார். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசியே பழகியவர், அவசரமே படமாட்டார்.

"வாங்கக்கா. பியானோ இன்னும் ஒரு கட்டை இறங்கிடுச்சாமா?"

தையல்காரம்மா பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஒரு மணிநேரம் பேசக்கூடியவர். அன்றைக்கு வாயில் ஒரு ஊசியும் இல்லை, பேச்சும் இல்லை.

"இல்ல டாக்டரம்மா... அது சரியாத்தான் இருக்கு. எங்க கீபோர்டுலதான் கோளாறு."

"அப்படியா? ட்யூனருக்குக் காது மந்தம்னு கேள்விப்பட்டேனே. பாவம், அவர் போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தாராம்."

"ஐயோ..."

"வாட்ச்மேன்கூட என்னைப் பாத்து, 'ஏத்திட்டீங்களாம்மா?'ன்னு கேட்டான். நான் தண்ணி மோட்டாரைச் சொல்றான்னு நினைச்சேன்."

"டாக்டரம்மா" என்றார் தையல்காரம்மா, கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "பிடுங்கறதுன்னா ஒரேயடியா பிடுங்கிடுங்க. இப்படி ஆட்டி ஆட்டிப் பாக்காதீங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு விஷயம் சுருக்கமாக முடிந்தது. தேர்வு வரை தினமும் சாயங்காலம் காது வந்து அந்தப் பியானோவில் பழகலாம். பதிலுக்கு டாக்டரம்மாவுக்கு வெள்ளைக் கோட்டு இரண்டு தைத்துத் தர வேண்டும். கூடவே, பியானோ நன்றாக இருக்கிறது என்பதை வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். கோட்டு இரண்டையும் நாலாகவே தைத்துவிடலாம் என்று தோன்றியது தையல்காரம்மாவுக்கு. ஆனாலும் வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அவன் "என்னம்மா, சரியா கேக்கல" என்று இரண்டு தடவை சொல்லவைத்தான்.

மகள் ஒவ்வொரு நாளும் போனாள். கேட்ட சுரத்தோடு ஒன்று கூட்ட வேண்டும்: ஈ என்று கேட்டால் எஃப், பி என்று கேட்டால் சி. மெதுவாக அடித்தால் முடிந்தது. வேகமாக அடித்தால் பழைய பெயர்கள் முந்திக்கொண்டு வந்து நின்றன. ஆறாம் நாள் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தாள். அம்மா யாருடைய சட்டைக்கோ துணியில் அளவு வைத்துக்கொண்டிருந்தார். டேப்பில் முப்பத்தொன்றில் விரல் நின்றது. சாக்கட்டி முப்பது என்று எழுதியது.

"எத்தனை வருஷமாமா இந்த டேப்பை வச்சிருக்கே?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து. ஏன், உனக்கு இதுவும் கண்ணைக் குத்துதா?"

"தப்பான டேப்புலதான் ஊருக்கே தைக்கறியா?"

"தப்பு என்னடி தப்பு? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் மாறிடுச்சா என்ன? ஆரம்பம்தான் போச்சு. கொஞ்சம் நகரு, வெளிச்சத்தை மறைக்காதே."

மகள் நகர்ந்தாள். ஆனால் போகவில்லை. கருகிய நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து, சுரங்களுக்குப் பெயரே போடாமல், ஒன்றிலிருந்து அடுத்தது எத்தனை கட்டை தள்ளி என்று எண்களாக எழுத ஆரம்பித்தாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. துணியில் கோடு போடுவதில் மும்முரமாக இருந்தார்.

தேர்வு நாள். இசை வகுப்பறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் தையல்காரம்மா, மறுமுனையில் பல் டாக்டரம்மா. நடுவில் மரியாதை. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். உள்ளே முப்பது பிள்ளைகளும் ஒரு பிரம்மாண்டமான பியானோவும் தெரிந்தன. அந்தப் பியானோ எந்த வாசல் வழியாகவும் உள்ளே வந்திருக்க முடியாது. அதை வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும்.

டீச்சர் ஏதோ சொன்னார். ஒரு சுரத்தை அடித்தார். தையல்காரம்மா எழுந்து கண்ணாடியில் மூக்கை வைத்தார். மகள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். மெட்டு முதல் தடவை ஓடி முடிந்தது. பேனா அசையவில்லை. பக்கத்து வரிசையில் டாக்டர் மகள் கையைத் தூக்கி டீச்சரிடம் ஏதோ வாதாடினாள். டீச்சர் தலையை ஆட்டி உட்காரச் சொன்னார்.

"எழுதுடி" என்றார் தையல்காரம்மா. கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தார். இரண்டாம் தடவை மெட்டு ஓடியது. மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று கண்ணாடியை விரலால் தட்டப் போனார். மூன்றாம் தடவைதான் பேனா ஓடியது. ஓடியது என்றால், மிஷின் மாதிரி ஓடியது.

வெளியே வந்தவளை அம்மா தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னடி ஆச்சு? ஏன் சும்மா உக்காந்திருந்தே?"

"பியானோ தப்புமா."

"எது?"

"அவங்க 'இது சி'ன்னு சொல்லி அடிச்சாங்க. எனக்கு ஏ ஷார்ப்னு கேட்டுச்சு. ஒண்ணு கூட்டினா பி. சி வரவே இல்ல. நிஜமாவே அது ஒரு கட்டை இறங்கியிருக்கு."

"ஆமா ஆன்ட்டி" என்றாள் டாக்டர் மகள், கண் கலங்க. "நானும் சொன்னேன். கம்பி பழசு, இழுத்துக் கட்டினா அறுந்துடும்னு ட்யூனரே இறக்கி வச்சிருக்காராம். 'நான் சி-ன்னு சொன்னா சி-ன்னு எழுது'ன்னுட்டாங்க. எனக்குக் கேட்டது பி. எப்படி சி-ன்னு எழுதறது? பாதிதான் முடிச்சேன்."

அந்தக் கட்டடத்தில் அசல் காது எந்த மாடியில் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வருடம் ஒரு லிஃப்டிலும் அறிவிக்கப்படாத காது.

தையல்காரம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பியானோ தப்பு என்ற வார்த்தை மட்டும் விழுந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"நாலு பிள்ளைங்க படிப்பு விஷயம். நான் போய் அந்த டீச்சரை ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு..."

மகள் அவருடைய கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்ட் மேனுவல் மாதிரியா?"

அம்மா நின்றார்.

"நான் எழுதிட்டேன்மா. முதல் தடவை ஒண்ணும் புரியல. என் காதும் தப்பு, கூட்டினதும் தப்பு. அப்புறம் பேரையெல்லாம் விட்டுட்டேன். அவங்க சி-ன்னா சி. அங்கேருந்து எத்தனை கட்டை தள்ளின்னு மட்டும் எண்ணினேன். உன் டேப்பு மாதிரி. நீ இப்போ உள்ள போய் சண்டை போட்டா, திரும்ப எழுதச் சொல்லுவாங்க, எழுதினது மொத்தமும் போயிடும். உக்காரு."

தையல்காரம்மா உட்கார்ந்தார். ஒரு பியானோ உண்மையிலேயே இறங்கியிருக்கிறது, அது தனக்குத் தெரிந்தும் இருக்கிறது, யாரிடமும் சொல்லவும் கூடாது! அப்படி ஒரு சோதனை அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை. முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். டாக்டரம்மா இதைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். டாக்டர் மகள் ஐந்தாவது. எழுத்துத் தேர்வில் அவளை யாரும் நெருங்க முடியவில்லை, பாதி மெட்டோடும் கரையேறிவிட்டாள். காது பன்னிரண்டாவது. அதற்குக் கீழே டீச்சர் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே மகள், கீழே அலுவலக நடைமுறை. வீட்டுக்கு வந்ததும் அவள் கவிழ்த்துவைத்த பழுப்புத் தாள்களையெல்லாம் நிமிர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் "ஒரு கட்டை ஏற்றி வாசிக்கவும்" என்று எழுதினாள். டாக்டர் மகள் வாசித்தாள். இந்தத் தடவை காதுக்கு முகம் கோணவில்லை. கீபோர்டின் பொத்தானைப் பூஜ்யத்துக்குத் தள்ளியாகிவிட்டது. நகர்ந்துவிடக்கூடாது என்று தையல்காரம்மா அதன் மேல் புதுசாக ஒரு பட்டை ஒட்டியிருக்கிறார்.

லிஃப்ட்காரர் சந்தோஷத்தில் மனைவிக்கு ஒரு புது இஞ்சு டேப் வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், பூஜ்யத்திலிருந்து ஆரம்பம், நுனியில் பித்தளைப் பூண். மனைவியைத் தெரிந்தவர் என்பதால் உறையை வழியிலேயே பிரித்து எறிந்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். அந்த டேப்பில்தான் டாக்டரம்மாவின் கோட்டுக்கு அளவெடுக்கப்பட்டது.

கோட்டு தயாரான மறுநாள் காலை, டாக்டரம்மா அதைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினார். உள்ளே தையல்காரம்மாவும் மகளும். கதவு மூடியது. டாக்டரம்மா இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே வெள்ளைத் துணி பட்டென்று நின்றுபோயிருந்தது.

"அக்கா, கை ஒரு இஞ்சு இறங்கல."

"டாக்டருங்க கை கழுவறதுக்கு அதுதான் வசதி" என்றார் தையல்காரம்மா, கண்ணிமைக்காமல்.

மகள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "கழிச்சிட்டியாமா? புது டேப்புலயும் ஒண்ணு கழிச்சிட்டியா?"

மணி அடித்தது. கதவு திறந்தது. இந்தத் தடவை யாரும் எதையும் அறிவிக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் தையல்காரம்மா பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். புது டேப்பின் முதல் அங்குலத்தை, பித்தளைப் பூணோடு சேர்த்து, ஒரே வெட்டாக வெட்டினார். வெட்டிய துண்டை என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? பிளாஸ்டிக் பையில் போட்டு, பத்திரமாக வைத்திருக்கிறார்.